பக்கத்துக் கடைக் கல்லாவில் கை விடலாமா? மைக்ரோசர்வீஸும் பொது டேட்டாபேஸும்: புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

ஓணத்துக்கு முந்தைய வாரம், விடியற்காலை ஐந்தரை மணி. போன் அடித்தது. தோவாளைப் பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. பின்னால் கூடை இறக்கும் சத்தமும் விலை கூவும் சத்தமும் கேட்கின்றன.

"மக்கா, நூறு தாமரைக்கு எழுபதாயிரம் ரூவான்னு பில்லு போயிருக்கு. திருவனந்தபுரத்துக்காரன் போன்ல சிரிக்கான்."

700 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 70,000. எந்த சர்வரும் விழவில்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. டெஸ்ட் எல்லாம் பச்சை. நடந்தது இவ்வளவுதான்: தோவாளையில் பிச்சி, மல்லி, அரளி எல்லாம் கிலோக் கணக்கு. தாமரையோ எண்ணக் கணக்கு, அதுவும் 100 எண்ணத்துக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்வார்கள். அவர்கள் பில் போடும் எங்கள் மென்பொருளில் யாரோ ஆரம்பத்தில் ஒரு பூவுக்கு 7 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். விலைப் பகுதியைப் பார்க்கும் பையன் சந்தை வழக்கப்படி அதை 100 எண்ணத்துக்கு 700 என்று திருத்தினான். பக்கத்தில் 'அளவு' என்று புதிதாக ஒரு ஃபீல்டும் சேர்த்தான். அவனுடைய திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் பில் போடும் சர்வீஸ் அவனிடம் கேட்காமல் அவன் டேபிளை நேரடியாகப் படித்துக்கொண்டிருந்தது. அந்தப் புதிய ஃபீல்டைப் பற்றி அதற்குத் தெரியாது. 100 பூ, விலை 700, பெருக்கினால் 70,000.

திருத்தியவன் மேல் தப்பில்லை. அவன் டேபிளை அவன் திருத்தினான். இன்னொருவர் அதற்குள் கை விட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவனுக்குத் தெரிய வழியே இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றித்தான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கல்லூரி முடித்து இப்படி ஒரு சிறிய குழுவில் சேர்ந்திருக்கிறீர்கள், 'நாங்கள் மைக்ரோசர்வீஸ்' என்று முதல் நாளே சொல்கிறார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் எல்லா சர்வீஸும் ஒரே டேட்டாபேஸில் வந்து நிற்கிறது. அப்போது எங்கிருந்து தொடங்குவது?

பிரித்ததன் பயன் என்ன

மைக்ரோசர்வீஸ் என்ற சொல் பரவலானது 2014-இல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. ஒரு பெரிய மென்பொருளைச் சின்னச் சின்ன சர்வீஸாகப் பிரிப்பது, ஒவ்வொன்றும் தனியாக ஓடுவது, ஒன்றோடொன்று நெட்வொர்க் வழியாகப் பேசுவது. இதெல்லாம் எங்கும் படிக்கலாம். பிரிப்பதால் என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்: விலைக் குழு தன் பகுதியை மாற்றி வெளியிட பில் குழுவின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். கிடைப்பது அதுதான். அதற்கு விலையாக நெட்வொர்க் தாமதம், பாதியில் அறுந்த அழைப்புகள், பத்து இடத்தில் லாக் (மென்பொருள் எழுதி வைக்கும் பதிவு) தேடுவது என்று நிறையக் கொடுக்கிறோம்.

எல்லோரும் ஒரே டேபிளைப் படித்து எழுதினால், கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டு வாங்க வேண்டியதை வாங்காமல் வருகிறோம். இதை டிஸ்ட்ரிபியூட்டட் மோனோலித் என்பார்கள், அதாவது பல துண்டாகக் கிடந்தும் ஒரே பாறையாகவே நடந்துகொள்ளும் மென்பொருள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மொத்தம் ஆறு பேர். விலை, ஆர்டர், பில், வண்டி என்று நான்கு சர்வீஸாக உடைத்திருக்கவே வேண்டியதில்லை. ஒரே மென்பொருளுக்குள் நான்கு பகுதியாக ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தால் போதும். உங்கள் குழு ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவு என்றால், கீழே சொல்லும் வழிகளில் முதல் மூன்றை அந்த ஒரே மென்பொருளுக்குள்ளேயே செய்யலாம். அதுவே பாதிக் கிணறு தாண்டின மாதிரி இல்லை, முழுக்கிணறும் தாண்டின மாதிரிதான்.

ஒரே சர்வர் வேறு, ஒரே டேபிள் வேறு

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. 'சர்வீஸுக்கு ஒரு டேட்டாபேஸ்' என்று படித்ததும் நான்கு தனி சர்வருக்குப் பணம் கேட்டு மேலாளரிடம் போய் நிற்கிறார்கள். அவர் முடியாது என்கிறார், கதை அங்கேயே முடிகிறது.

சந்தையில் பத்துக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன. அதில் தொந்தரவு இல்லை. ஆனால் ஒவ்வொரு கடைக்கும் கல்லாப்பெட்டி தனி. சில்லறை வேண்டுமென்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவோம், அவர் கல்லாவைத் திறந்து எடுப்பதில்லை. அவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை எந்த அறையில் வைப்பார், எப்போது மாற்றி வைப்பார் என்பது அவர் பாடு.

ஆக, ஒரே போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வரில் நான்கு ஸ்கீமா, அதாவது டேபிள்களைப் பிரித்து வைக்கும் தனி அறைகள், இருக்கலாம். ஒரு சர்வீஸின் ஸ்கீமாவை இன்னொன்று தொட முடியாது என்ற நிலை வந்தாலே போதும். கூரையைப் பிரிப்பதை ஆள்கூட்டமும் பணமும் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூரை ஒன்றாக இருப்பதாலும் சில சங்கடங்கள் உண்டு. அவற்றில் இரண்டைத் தெரிந்து வைத்திருங்கள்.

ஒன்று, கனெக்‌ஷன் எண்ணிக்கை. போஸ்ட்கிரஸில் அதிகபட்ச கனெக்‌ஷன் என்பது, நீங்கள் மாற்றாதவரை, 100. கனெக்‌ஷன்களைத் திறந்து தயாராக வைத்திருக்க ஜாவாவில் பலரும் பயன்படுத்தும் ஹிகாரி பூல் ஒன்று, சும்மா விட்டால் 10 கனெக்‌ஷன்வரை பிடித்து வைக்கும். நான்கு சர்வீஸ், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி, ஆளுக்குப் பத்து. மொத்தம் 120. சாதாரண நாளில் பிரதி ஒன்றுதான் ஓடும், அதனால் தெரியாது. கூட்டம் வருகிறதே என்று ஓணத்துக்குப் பிரதியைக் கூட்டும் அன்றைக்குத்தான் இடிக்கும்.

இரண்டு, பூட்டு. மாதாந்திர அறிக்கை ஒன்று ஆர்டர் டேபிளை இருபது நிமிடமாகப் படித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதே டேபிளில் ஒரு சின்ன ஆல்ட்டர் டேபிள் (டேபிளின் வடிவத்தை மாற்றும் கட்டளை) போடுகிறீர்கள். அது பெரும்பாலும் கேட்பது முழுப் பூட்டு, அறிக்கை முடியும்வரை காத்து நிற்கும். அதோடு போகட்டும் என்றால் போகாது. உங்கள் ஆல்ட்டருக்குப் பின்னால் வரும் சும்மா படிக்க மட்டும் வரும் சாதாரண செலக்ட் குவெரிகளும் அதன் பின்னால் வரிசையில் நின்றுவிடும். வடசேரி பேருந்து நிலைய வாசலில் ஒரு பேருந்து குறுக்கே நின்றால் பின்னால் சைக்கிள்கூடப் போக முடியாதே, அதேதான். ஆல்ட்டர் போடும் முன் லாக் டைம்அவுட்டை (பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு) இரண்டு மூன்று வினாடி என்று வைத்துக்கொண்டால், பூட்டு கிடைக்காதபோது உங்கள் கட்டளை மட்டும் தோற்கும், சந்தை நிற்காது. அப்புறம் மறுபடி முயலலாம்.

இந்த இரண்டும் உடனே கத்தும், அதனால் எப்படியும் பிடித்துவிடலாம். தாமரைக் கதை கத்தாது. ஒரு ஃபீல்டின் பெயர் அப்படியே இருந்து அதன் பொருள் மட்டும் மாறும்போது எந்தக் கருவியும் காட்டிக்கொடுக்காது. பொது டேட்டாபேஸில் எனக்குப் பயம் அந்த ஒன்றைப் பற்றித்தான்.

படி 1: எழுதுகிறவர் யார் என்று கேளுங்கள்

வெள்ளைத்தாள் ஒன்றில் எல்லா டேபிளின் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இதில் எழுதுவது எந்த சர்வீஸ்?' என்று குறியுங்கள். படிப்பது யார் என்று இப்போது பார்க்க வேண்டாம்.

பெரும்பாலான டேபிளுக்கு ஒரே பெயர்தான் வரும். அந்த சர்வீஸ்தான் சொந்தக்காரர். இரண்டு பெயர் வருகிற டேபிளில்தான் வேலை இருக்கிறது. எங்களுக்கு ஆர்டர் டேபிளில் அது வந்தது. ஆர்டர் சர்வீஸும் எழுதியது, வண்டி சர்வீஸும் எழுதியது, ஏனென்றால் 'நிலை' என்ற ஒரே ஃபீல்டில் 'உறுதி', 'பணம் வந்தது', 'ஏற்றியாச்சு', 'களியக்காவிளை தாண்டியது' எல்லாம் கலந்து கிடந்தன. பார்த்தால் ஒரு ஃபீல்டு, உள்ளே இரண்டு விஷயம். ஆர்டரின் நிலை வேறு, சரக்கின் பயணம் வேறு. வண்டி சர்வீஸுக்கு 'பயணம்' என்று தனி டேபிள் கொடுத்ததும் சண்டை தீர்ந்தது. இரண்டு பேர் எழுதும் டேபிளைக் கண்டால் 'யாரிடம் கொடுக்கலாம்' என்று யோசிக்கும் முன் 'உண்மையில் இது ஒரு டேபிள்தானா' என்று கேட்டுப் பாருங்கள்.

படி 2: ஆளுக்கு ஒரு யூசர்

எங்களிடம் நான்கு சர்வீஸும் ஒரே யூசர், ஒரே கடவுச்சொல்லில் உள்ளே போய்க்கொண்டிருந்தன. யார் எதைப் படிக்கிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சோர்ஸ் கோடைத் தேடினால் கிடைக்கும் என்பீர்கள். கிடைக்காது. மேலாளரின் எக்செல் ஒன்று, யாரோ போட்டுவிட்டுப் போன இரவு நேர ஸ்கிரிப்ட் ஒன்று என்று கோடில் இல்லாதவையும் படிக்கும்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி டேட்டாபேஸ் யூசர் போடுங்கள். இப்போதைக்கு அனுமதி எல்லோருக்கும் பழையபடியே இருக்கட்டும், எதையும் உடைக்க வேண்டாம். லாக் வரியில் யூசர் பெயர் வரும்படி செய்யுங்கள். போஸ்ட்கிரஸில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டால், எந்த யூசர் எந்தக் குவெரியை எத்தனை தடவை ஓட்டினார் என்று அதுவே எண்ணி வைக்கும். ஒரு மாதம் விடுங்கள், மாதக் கடைசி உள்ளே வர வேண்டும். வேலை ஒரு நாள்கூடப் பிடிக்காது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

படி 3: ஸ்கீமா பிரித்து, கதவைச் சாத்துங்கள்

சொந்தக்காரர் யார் என்று தெரிந்துவிட்டது, படிக்கிறவர் யார் என்றும் தெரிந்துவிட்டது. இனி சர்வீஸுக்கு ஒரு ஸ்கீமா போட்டு டேபிள்களை அதற்குள் நகர்த்துங்கள். எழுதும் அனுமதியைச் சொந்தக்காரரைத் தவிர எல்லோரிடமிருந்தும் ரிவோக் செய்யுங்கள். படிக்கும் அனுமதியை ஒவ்வொன்றாக, மாற்று வழி செய்து கொடுத்தபிறகு எடுங்கள்.

மாற்று வழிக்கு நேரமாகும் என்றால் இடைக்கால ஏற்பாடாக ஒரு வியூ போடலாம், அதாவது டேபிள் மாதிரியே படிக்கக்கூடிய, எழுதி வைத்த குவெரி ஒன்று. பில் சர்வீஸுக்கு டேபிளைக் காட்டாமல், விலைக் குழு வேண்டுமென்றே எழுதிக் கொடுத்த வியூவை மட்டும் காட்டுங்கள். உள்ளே டேபிளை எப்படி மாற்றினாலும் வியூ பழைய பொருளிலேயே பதில் சொல்லட்டும். அன்றைக்கு எங்களிடம் இப்படி ஒரு வியூ இருந்திருந்தால், தாமரை விலையை 100-ஆல் வகுத்துக் கொடுத்திருக்கும், அண்ணாச்சி போன் செய்திருக்க மாட்டார். வியூவும் ஒரு வாக்குறுதிதான், ஆனால் தெரிந்து கொடுத்த வாக்குறுதி.

ஸ்கீமாவைத் தாண்டிப் போகும் ஃபாரின் கீ உறவுகளை (ஒரு டேபிளின் வரி இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் கட்டுப்பாடு) இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். மனது கேட்காது. எடுத்துத்தான் ஆக வேண்டும்.

படி 4: ஜாயினுக்குப் பதில் என்ன

'அண்ணே, ஒரு ஜாயின்ல முடியுற வேலை. இதுக்குப் போய் ஏபிஐயா?' புதிதாக வந்த எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஜாயின் என்றால் இரண்டு டேபிளை ஒரே குவெரியில் சேர்த்துப் படிப்பது. ஏபிஐ என்றால் ஒரு சர்வீஸ் மற்றவர்கள் கேட்பதற்கென்று திறந்து வைக்கும் வாசல். நியாயமான கேள்வி. பதில் மூன்று விதம்.

அப்போதைக்கு மட்டும் வேண்டிய தகவல் என்றால் ஏபிஐயில் கேளுங்கள். ஆனால் 300 ஆர்டர் வரிக்கு 300 அழைப்பு போடாதீர்கள். முப்பது பூவின் விலை வேண்டுமென்றால் முப்பதையும் ஒரே அழைப்பில் கேட்கும்படி ஏபிஐயை அமையுங்கள். விலைக்குப் பக்கத்திலேயே 'எந்த அளவுக்கு' என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். வெறும் 700 என்று ஒரு எண்ணை மட்டும் அனுப்பினால் மறுபடி தாமரைதான்.

சில தகவல் நகல் மாதிரி தெரியும், ஆனால் நகல் இல்லை. பிச்சிப்பூ விலை விடியற்காலை ஒன்று, எட்டு மணிக்கு வேறொன்று. நான்கரை மணிக்கு வாங்கியவரின் பில்லில் நான்கரை மணி விலைதான் நிற்க வேண்டும். விலை டேபிளில் இருப்பது 'இப்போதைய விலை', பில்லில் இருப்பது 'விற்ற விலை'. பில் சர்வீஸ் விற்ற விலையைத் தன் டேபிளில் எழுதி வைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. வைக்காமல் ஜாயின் போட்டிருந்ததுதான் தப்பு. எங்களிடம் பழைய பில்லை மறுபடி அச்சடித்தால் புது விலை வந்துகொண்டிருந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லாவைப் பிரித்தபோதுதான் அந்தப் பிழையும் கண்ணில் பட்டது. 'ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே' என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததை இங்கே கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அது உண்மையிலேயே ஒரே தகவல்தானா என்று பாருங்கள்.

மூன்றாவது, வாடிக்கையாளர் பெயர் மாதிரி அடிக்கடி வேண்டும், எப்போதாவது மாறும் என்ற வகை. சொந்தக்கார சர்வீஸ் மாற்றத்தைச் செய்தியாக அனுப்பட்டும், மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் தங்களிடம் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு வினாடி பழைய பெயர் தெரிந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

படி 5: செய்தி அனுப்புவதில் ஒரு பள்ளம்

ஆர்டர் டேபிளில் எழுதிவிட்டு அடுத்த வரியில், சர்வீஸ்களுக்கு நடுவே செய்தி கொண்டுபோகும் ராபிட்எம்கியூவுக்குச் செய்தி அனுப்புவதுதான் எல்லோரும் முதலில் எழுதும் கோடு. இரண்டுக்கும் நடுவே சர்வர் விழுந்தால் ஆர்டர் இருக்கும், செய்தி போயிருக்காது. வண்டி வராது. மாற்றி எழுதினால் செய்தி போய்விடும், ஆர்டர் இருக்காது. இல்லாத பூவுக்கு வண்டி வந்து நிற்கும்.

இதற்கு அவுட்பாக்ஸ் என்று ஒரு வழி உண்டு. உங்கள் சொந்த ஸ்கீமாவில் 'அவுட்பாக்ஸ்' என்று ஒரு டேபிள். ஆர்டரையும் அனுப்ப வேண்டிய செய்தியையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதுங்கள். டிரான்ஸாக்‌ஷன் என்றால் இரண்டும் எழுதப்படும், இல்லையென்றால் இரண்டும் எழுதப்படாது. தனியாக ஓடும் சின்ன நிரல் ஒன்று அந்த டேபிளைப் பார்த்துச் செய்தியை அனுப்பி, 'போயாச்சு' என்று குறிக்கும். குறிப்பதற்கு முன் அது விழுந்தால் அதே செய்தி இரண்டாம் தடவை போகும். அதனால் வாங்குகிற பக்கம் செய்தி எண்ணைக் குறித்து வைத்து, ஏற்கெனவே வந்ததென்றால் சும்மா விட்டுவிட வேண்டும். இதை எழுத மறந்து ஒரே ஆர்டருக்கு இரண்டு வேன் வந்த நாளும் எங்களுக்கு உண்டு. இரண்டு ஓட்டுநரும் சேர்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். வாடகை நாங்கள் கொடுத்தோம்.

படி 6: ரோல்பேக் இல்லாத இடத்தில்

ஒரே டேட்டாபேஸில் ஆர்டர், பில், வண்டி மூன்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் போட்டு, ஒன்று தோற்றால் மூன்றையும் ரோல்பேக் செய்து பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம். பிரித்தபிறகு அது இல்லை. அதற்குப் பதிலாக உள்ள வழிக்கு சாகா என்று பெயர் சொல்வார்கள். ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் 1987-இல், மைக்ரோசர்வீஸ் என்ற பேச்சே இல்லாத காலத்தில், நீண்ட நேரம் ஓடும் டிரான்ஸாக்‌ஷனுக்காகச் சொன்ன வழி. பெரிய வேலையைச் சின்ன அடிகளாகப் பிரி, ஒவ்வோர் அடிக்கும் அதைச் சரிக்கட்டும் எதிர் அடி ஒன்றை வைத்துக்கொள்.

பூ வியாபாரிக்கு இது புதிதில்லை. பில் போட்டாகிவிட்டது, மழையில் பூ நனைந்துவிட்டது, வாங்க மாட்டேன் என்கிறார். யாரும் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழிப்பதில்லை. அடுத்த வரியில் வரவு எழுதுவார்கள். எதிர் அடி என்றால் அழிப்பது இல்லை, இன்னொரு வரி எழுதுவது.

எல்லாவற்றையும் சாகா ஆக்க வேண்டாம். இரண்டு வேலை எப்போதும் சேர்ந்தே நடக்க வேண்டும், ஒரு நொடிகூடப் பிரியக் கூடாது என்றால், அவை இரண்டும் ஒரே சர்வீஸில் இருக்க வேண்டியவை. நாங்கள் வரவையும் பற்றையும் இரண்டு சர்வீஸில் வைத்துப் பார்த்துவிட்டு மூன்றே வாரத்தில் மறுபடி ஒன்றாக்கினோம்.

படி 7: அறிக்கைக்குத் தனி இடம்

'போன ஓணத்துக்கும் இந்த ஓணத்துக்கும் அரளி விற்பனை எப்படி?' இதற்கு நான்கு ஸ்கீமாவும் ஒன்றாக வேண்டும்தான். அதற்காகப் பூட்டிய கதவைத் திறக்காதீர்கள். அறிக்கைக்கென்று தனி டேட்டாபேஸ் வைத்து, ஒவ்வொரு சர்வீஸும் தன் செய்திகளை அங்கே அனுப்பட்டும். நேற்றிரவு வரையான கணக்கு என்றால் முதலாளிகள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நாம்தான் கேட்பதில்லை.

பின்வாசல்கள்

முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைக்கும் பழக்கம் உண்டு. டேபிள் வடிவத்தைச் சொல்லும் கிளாஸ்களை ஒரு பொது லைப்ரரியாக்கி நான்கு சர்வீஸிலும் சேர்ப்பார்கள். ஒரு ஃபீல்டு மாறினால் நான்கையும் சேர்த்து வெளியிட வேண்டி வரும். தகவலை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸில் ஒரு சர்வீஸ் எழுதிய கீயை இன்னொன்று படிப்பதும், பொது ஃபோல்டரில் சிஎஸ்வி போட்டு எடுப்பதும் அதே கல்லாதான், பெட்டிதான் வேறு.

படி 8: பழையதை எடுப்பது

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். புதிய ஃபீல்டைச் சேருங்கள், கொஞ்ச நாள் இரண்டிலும் எழுதுங்கள், படிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் புதியதற்கு நகர்த்துங்கள், கடைசியில் பழையதை எடுங்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நின்று திரும்பி வர முடிய வேண்டும். எங்களுக்கு விலை டேபிள் ஒன்றை மட்டும் இப்படிப் பிரிக்க ஏழு வாரம் ஆனது. அதில் கோடு எழுதியது ஒரு வாரம் இருக்கும்.

பழைய ஃபீல்டை உடனே டிராப் செய்யாதீர்கள். முதலில் பெயரை மாற்றுங்கள். யாராவது கத்தினால் ஒரு வரியில் திருப்பி வைத்துவிடலாம். பிறகு பழைய பெயரைக் கேட்டுத் தோற்கும் குவெரி ஏதாவது படி 2-இல் சொன்ன லாக்கில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், மாதக் கடைசி தாண்டி, மார்ச் 31 தாண்டி. விலை டேபிளின் பழைய ஃபீல்டு எங்களிடம் இன்னும் பெயர் மாறிய நிலையில் அப்படியேதான் இருக்கிறது. அத்தம் தொடங்கித் திருவோணம் வரைக்கும் மட்டும் ஓடுகிற ஸ்கிரிப்ட் ஏதாவது எங்காவது இருக்குமோ என்று ஒரு சந்தேகம். ஓணம் முடியட்டும், டிராப் செய்துவிடலாம்.